காக்கைக்கு வைத்த சோறு

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு உலகத்தைத் தலைகீழாகப் பார்ப்பதுதான் அப்போது என் பிழைப்பு. கொழும்பில் ஒரு படக்கடையில் வேலை. கல்யாண மாப்பிள்ளைகள், சட்டை போட்டுக்கொண்டு அழும் குழந்தைகள், இறந்த பிறகு நாற்காலியில் சாய்த்து வைக்கப்பட்ட பெரியவர்கள் என்று எல்லோரையும் எடுத்திருக்கிறேன். கடைசியாகச் சொன்னவர்களைத்தான் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆடமாட்டார்கள். அந்தக் காலத்துக் கண்ணாடித் தகட்டுக்கு அசையாமல் நிற்பவன்தான் மனிதன், அசைந்தவன் வெறும் புகை.

ஊவாப் பக்கம் என்னை அனுப்பியது ஒரு தேயிலைக் கம்பெனிக்காக. அவர்களுடைய தொழிற்சாலைகளையும் பங்களாக்களையும் கொழுந்து நிறுக்கும் காட்சியையும் எடுத்து, ஆல்பமாக்கி, சீமையில் இருக்கும் முதலாளிகளுக்கு அனுப்பவேண்டும். தண்டவாளம் அப்போது பண்டாரவளையோடு நின்றிருந்தது. அங்கிருந்து பதுளைக்கு மாட்டு வண்டி, பதுளையிலிருந்து பசறைப் பாதையில் இன்னொரு மாட்டு வண்டி. தகடுகள் உடையக்கூடாது என்று பெட்டிக்குள் வைக்கோலைத் திணித்துக்கொடுத்தார்கள். என் முதுகெலும்புக்கு யாரும் வைக்கோல் கொடுக்கவில்லை.

மலையில் என் வேலைக்கு எசமான் துரை அல்ல, மூடுபனிதான். அது விலகினால் படம் எடுக்கலாம். விலகாவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அப்படி உட்கார்ந்திருந்த நேரங்களில் பறவைகளை எடுக்கத் தொடங்கினேன். யாரும் கேட்காமல், யாருடைய மூக்கையும் அழகாக்க வேண்டிய அவசியமில்லாமல், எனக்காக மட்டும் எடுத்த படங்கள் அவை. மாங்குயில் மஞ்சள் புகையாக வந்தது. உண்மையில் தகட்டில் மஞ்சள்கூட வராது, வெறும் புகைதான். மீன்கொத்தி இருந்த கிளை வந்தது, மீன்கொத்தி வரவில்லை. அசையாமல் உட்காரும் பறவை ஏதாவது உண்டா என்று பங்களாச் சமையல்காரரிடம் கேட்டேன். குதிரைச் சேணம் வைக்கும் அறையை எனக்குத் தங்கக் கொடுத்திருந்தார்கள். அங்கே சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பேசிக்கொண்டிருப்பது அவர் வழக்கம்.

"ஆந்தை இருக்குங்க. மேல பழைய காப்பி ஸ்டோர்ல. பகல்ல அசையாம குந்தியிருக்கும். ஆனா அங்க போகாதீங்க."

"ஏன்?"

"ஆந்தையும் இருக்கு. அவனும் இருக்கான்."

அவன் என்பது யார் என்று கேட்டேன். செத்தவன் என்றார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து, கதையைச் சொன்னார்.

"மலையில வேல செஞ்சிகிட்டு இருக்கும்போது கங்காணிய மண்வெட்டிப் புடியால மண்டையில போட்டுட்டான். கங்காணி அவன் பொண்டாட்டிய என்னமோ சொல்லிட்டாராம். கங்காணி உசுரு பொழச்சுகிட்டாரு. பதுளையிலருந்து போலீசு வந்துச்சு. கங்காணி ஆளுங்க போலீசுக்கு முந்தி அவனப் புடிச்சுக் கால எடுத்துறணும்னு காடு காடா அலைஞ்சாங்க. மறுநாளு ஆத்துப் பாறையில அவன் கம்பளி கெடந்துச்சு. அடிச்ச மழைக்கு ஆறு கரை தெரியாம ஓடுது. அவ்வளவுதாங்க. பொணம் கெடைக்கல."

பிணம் இல்லாமலே சடங்கு நடந்தது. பெண்கள் கூடி அவன் மனைவியின் தாலியை இறக்கினார்கள். கருமாதி வரைக்கும் தினமும் காக்கைக்குச் சோறு வைக்கவேண்டும். உடலே கிடைக்காதவனுக்கு எந்த இடத்தில் வைப்பது என்று பெரியவர்கள் குழம்பியபோது, அவள்தான் பழைய காப்பி ஸ்டோரைச் சொன்னாளாம். வேலையில்லாத நாட்களில் அவன் அங்கே போய்த் தனியாக உட்கார்ந்திருப்பானாம். காப்பிச் செடி நோய் கண்டு அழிந்தபின் அந்தக் கட்டடத்தில் மனிதர் புழக்கம் கிடையாது. காப்பிக் காலத்தில் கொள்ளைநோய் கண்டவர்களை அங்கேதான் கொண்டுபோய்ப் போட்டார்கள் என்று ஒரு பேச்சும் உண்டு.

"மொத நாளு இலை காலி. தெனமும் காலி. ஒரு பருக்கை மிச்சம் கெடையாது. இந்த ஒசரத்துக்கு நம்ம ஊருக் காக்கா வராதுங்க, அண்டங்காக்காதான். அதுவும் அந்தப் பக்கம் எறங்குறத ஒருத்தரும் பாக்கல. அப்ப சாப்பிடுறது யாருங்க?"

எனக்குப் பயம் அதிகம். அதை மறைக்கும் வாய் அதைவிட அதிகம். "பசியோட போயிருப்பான், பாவம்" என்று சொல்லிவிட்டு மோர் கேட்டேன்.

மறுநாள் வெயில் வந்தது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்களை வரிசையாக நிறுத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள், கூடையைச் சரிசெய்தார்கள், பக்கத்தில் இருப்பவளைக் கிள்ளினார்கள். அசையாமல் நின்றது ஒருத்திதான். வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி, வெறும் கழுத்து. கருமாதிகூட முடியவில்லை, ஆனால் தோட்டத்தில் துக்கத்துக்கு நீண்ட லீவு கிடையாது. படம் முடிந்து எல்லோரும் கலைந்தபோது, கூடையைத் தூக்கும் பாவனையில் என் பக்கம் குனிந்து அவள் மெதுவாகப் பேசினாள்.

"பழைய ஸ்டோருக்குப் போறீங்களாமே. போகாதீங்க ஐயா."

"பேயா?"

"ஆமாங்க" என்றாள். கேள்வி முடிவதற்கு முன்பே பதில் வந்துவிட்டது. அது எனக்கு என்னவோபோல் இருந்தது. பேயைப் பற்றிப் பேசும் எவரும் கொஞ்சம் தயங்குவார்கள், கொஞ்சம் சுவைத்தும் சொல்வார்கள். இவள் கடைக்காரன் சரக்கு இல்லை என்பதுபோலச் சொல்லிவிட்டுப் போனாள்.

போகாதே என்று இரண்டு பேர் சொல்லிவிட்டால் என் கால் தானாகவே அந்தப் பக்கம் திரும்பும். அடுத்த நாள் பனி மூடியிருந்தது, தொழிற்சாலைப் படம் எடுக்க முடியாது. படப்பெட்டியையும் அதை நிறுத்தும் முக்காலியையும் தோளில் போட்டுக்கொண்டு ஏறினேன். தேயிலை முடிந்த இடத்தில் காடாகிப்போன காப்பிச் செடிகள் தொடங்கின. யாரும் கவ்வாத்துச் செய்யாமல் தலைக்குமேல் வளர்ந்து, பனியில் சொட்டிக்கொண்டிருந்தன. கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒரு குழந்தை அழுதது காதுக்குப் பக்கத்தில் கேட்டது. பனி நாட்களில் மலையில் சத்தம் இப்படித்தான் இடம் மாறிக் கேட்கும், இருந்தாலும் திரும்பிப் பார்த்தேன்.

ஸ்டோர் கல் கட்டடம். கூரையில் ஒரு மூலை இல்லை. வாசல் கல்லின்மேல் வாழையிலை ஒன்று கிடந்தது. ஒரு பருக்கைகூட இல்லாமல் வழித்த இலை. காக்கை கொத்தின இலை நாராகக் கிழிந்திருக்கும். இது கிழியாமல் இருந்தது. அதைத் தாண்டிப் போவதா, திரும்பி ஓடுவதா என்று யோசித்தபோது உள்ளே உத்தரத்தில் ஆந்தையைப் பார்த்துவிட்டேன். நல்ல பெரிய ஆந்தை. வெளுத்த முகம், மார்பில் கோடுகள். படக்காரனுக்கு ஆசை வந்துவிட்டால் பயம் கொஞ்சம் ஒதுங்கி நிற்கும். முக்காலியை வாசலிலேயே விரித்தேன்.

உள்ளே கண்ணுக்கு ஆந்தையையும் உத்தரத்தையும் தவிர எதுவும் தெரியவில்லை. அந்த வெளிச்சத்துக்குத் தகட்டை வெகுநேரம் திறந்து வைத்திருக்கவேண்டும். மூடியைக் கழற்றிவிட்டு மனத்துக்குள் மெதுவாக எண்ணிக்கொண்டு நின்றேன். எண்ணும்போது மூச்சை அடக்கிக்கொள்வது என் பழக்கம். நான் மூச்சை அடக்கியிருந்தேன், ஆனால் எங்கேயோ ஒரு மூச்சு கேட்டது. ஒரே ஒரு தடவை, உள்ளே இழுத்து, வெளியே விடாமல். ஆந்தை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூடியைப் போட்டேன், எல்லாவற்றையும் வாரிச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன். ஓடினேன் என்று எழுதினாலும் தப்பில்லை.

அன்று மத்தியானமே சேண அறையின் ஜன்னலைச் சாக்கால் அடைத்துவிட்டு, சிவப்பு விளக்கில் தகட்டைக் கழுவினேன். தகட்டில் எல்லாம் நேர்மாறாக வரும். வெள்ளை கறுப்பாக வரும், கறுப்பு வெறும் கண்ணாடியாக இருக்கும். வெளுத்த பொருள்தான் முதலில் எட்டிப் பார்க்கும். ஆந்தையின் முகத்தை எதிர்பார்த்துத் தட்டை ஆட்டிக்கொண்டிருந்தேன். முதலில் வந்தது முகமல்ல. தகட்டின் கீழ் ஓரத்தில், தரைக்குப் பக்கத்தில், ஒரு கறுப்புத் துண்டு. பிறகுதான் ஆந்தை வந்தது. அதன் பிறகு, உத்தரத்துக்குக் கீழே சுவரோரமாக, ஒரு வேட்டி. வேட்டிக்குமேல் ஒரு மார்பு, தோள், கடைசியாக முகம். அவன் நேராக என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். அணுவளவும் அசையவில்லை. நான் எடுத்த படங்களில் அவ்வளவு நன்றாக நின்ற மனிதன் வேறு யாரும் இல்லை.

தட்டை வைத்துவிட்டு வெளியே போய்க் குதிரைக்காரன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்தேன். குதிரையைப் பற்றி என்னென்னவோ கேட்டேன். இறந்தவர்கள் எத்தனையோ பேரை எடுத்திருக்கிறேன், ஆனால் அவர்கள் யாரும் தாமாக எழுந்து வந்து நின்றதில்லை.

தகடு காய்ந்தபின் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு அந்தக் கறுப்புத் துண்டை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். அது அவனுடைய கால். கணுக்காலில் வெளுத்த துணி சுற்றி, பக்கவாட்டில் முடிச்சுப் போட்டிருந்தது. துணியின் ஓரத்தில் சேலைக் கரை தெரிந்தது. பேய்க்குக் காலில் கட்டுப் போடுவார் யார்? எனக்கு ஒரேயடியாக நிம்மதி வந்தது. அந்த நிம்மதி ஒரு வெற்றிலை போடும் நேரம்கூட நிற்கவில்லை. உயிரோடு இருக்கிறான் என்றால் அவனைப் பிடிக்க ஆள் இருக்கிறது. அவன் உயிர் இப்போது இந்தக் கண்ணாடித் துண்டில் இருக்கிறது, அதுவும் என் கையில்.

மறுநாள் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்கு முன்பே எழுந்து ஸ்டோருக்குப் போகும் பாதையில் காத்திருந்தேன். விடிந்தும் விடியாமலும் பனி வெள்ளையாக நின்றது. அவள் கையில் இலைப் பொட்டலத்தோடு வந்தாள், என்னைப் பார்த்ததும் நின்றாள். நான் தகட்டைத் துணியிலிருந்து எடுத்துப் பனிக்கு எதிரே பிடித்துக் காட்டினேன்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். பொய் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"தலை நரைச்சுப் போச்சா?" என்றாள்.

இதில் எல்லாமே மாறித்தான் தெரியும், கறுத்த முடி வெள்ளையாகத் தெரியும் என்று விளக்கினேன். அவள் தலையாட்டினாள், ஆனால் கண்ணை எடுக்கவில்லை.

"கெழவனா இருக்காரு. நல்லா இருக்கு" என்றாள்.

பிறகு, நான் கேட்காமலே, பாதையோரக் கல்லில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். கம்பளியைப் பாறையில் போட்டது அவன்தான். நான் செத்தால்தான் பிழைப்பேன் என்று சொன்னானாம். பிபிலை வழியாக மட்டக்களப்புக்கு நடந்துபோய்விடலாம் என்பது கணக்கு. பாறையிலிருந்து இறங்கும்போது கால் பிசகிவிட்டது. அதோடு மலையேறி ஸ்டோருக்கு வந்ததே பெரிய காரியம். அன்று கட்டுப் போட்டதுதான், அதற்குப் பிறகு அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை.

"தெனமும் போறியே, பாக்குறதில்லையா?"

"சோத்த வச்சுட்டு இருமுவேன். உள்ளருந்து அவரும் இருமுவாரு. நான் வந்துருவேன். பேசுனா கீழ லயத்துக்குக் கேக்குமுங்க. பாத்தா எனக்கு வர மனசு வராது."

கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அதற்குத்தான் அவள் முகம் மாறியது. வீக்கம் வடிந்ததா இல்லையா என்று அவளுக்கே தெரியாது. இருமல் சத்தத்தில் காலைப் பற்றி என்ன தெரியும். ஆனால் நாளை விடிந்தால் கருமாதி. தினமும் இலை காலியாவதைக் கண்டு, கோயில் பண்டாரம் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். அவன் ஆத்மா எங்கே வந்து சாப்பிடுகிறதோ அங்கேதான் கருமாதிப் படையலும் நடக்கவேண்டும். ஆற்றங்கரை வேண்டாம், காப்பி ஸ்டோர் வாசலுக்கு எல்லோரும் போகலாம். அடிபட்ட கங்காணிகூட, செத்தவனோடு பகை எதற்கு என்று, தானும் வருவதாகச் சொல்லிவிட்டாராம். அவள் சோறு போட்டுக் காப்பாற்றியதே இப்போது லயம் முழுவதையும் அவன் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வரப்போகிறது.

"இன்னைக்கு ராவுக்குள்ள போயிறணும்னு இன்னைக்கு இருமாம சொல்லிறப் போறேன். போயிருவாருங்க. போவாரா?"

எனக்கு என்ன தெரியும்? போவார் என்றேன். அவள் கொஞ்ச நேரம் தன் வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"தாலிய எறக்குறப்ப எல்லாரும் அழுதாங்க. எனக்கு அழுகை வரல. உசுரோட இருக்குறவருக்கு எப்பிடிங்க அழுறது. கல்லு மனசுக்காரின்னு சொன்னாங்க. அதக்கூடத் தாங்கிக்கிட்டேன். ஆனா உசுரோட இருக்கையிலயே தாலிய எறக்கிட்டோமே, அவரு உசுருக்கு அது ஆகுமான்னு ஒரு பயம் புடிச்சுகிட்டு விடவே மாட்டேங்குது. வெளயாட்டுக்குச் செய்யிற காரியமா அது?"

எனக்குச் சடங்குகளில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்தப் பனியில், அந்தக் கழுத்தைப் பார்த்துக்கொண்டு, அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எழுந்து போகும்போது தகட்டைக் காட்டி, "இத ஒடச்சிறாதீங்க. எல்லாம் அடங்குனப்புறம் என்னைக்காவது காயிதத்துல போட்டுக் குடுங்க. அவரு மொகம் எங்கிட்ட வேற இல்ல" என்றாள். சரி என்றேன்.

அன்று மாலைக்குள் அந்தச் சரி போய்விட்டது. சமையல்காரருக்கு வாய் நிற்காது. நான் ஆந்தையைப் படம் பிடித்துவிட்டு ஓடிவந்த கதையை அவர் மேசைமேல் சூப்போடு சேர்த்துத் துரைக்குப் பரிமாறிவிட்டார். துரைக்குப் பறவைப் பைத்தியம். அவர் சுட்டுப் பஞ்சடைத்த பறவைகள் பங்களா முழுவதும் கண்ணாடிக் கண்ணால் முறைத்துக்கொண்டிருக்கும். ஆந்தைத் தகட்டை விளக்கேற்றும் நேரத்துக்கு விறாந்தைக்குக் கொண்டுவரச் சொல்லி ஆள் வந்தது.

தகட்டை உடைத்துவிட்டு, கை தவறிவிட்டது என்று சொல்லலாம். ஆனால் அப்படிச் சொன்னால், வா நானும் வருகிறேன், இன்னொன்று எடுக்கலாம் என்பார் அந்த மனிதர். அதனால் என் பெட்டியிலிருந்த சின்னக் கத்தியை எடுத்தேன். பருத்த சம்பந்தியம்மாள்களின் இடுப்பை மெலிய வைப்பதற்காகப் படக்கடையில் வைத்திருக்கும் கத்தி அது. தகட்டில் எந்த இடத்தைச் சுரண்டுகிறோமோ, அந்த இடம் படத்தில் இருட்டாகிவிடும். முதலில் காலைச் சுரண்டினேன், பிறகு வேட்டியை. முகத்துக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. அவன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கண்ணை முதலில் எடுத்துவிட்டால் மற்றது சுலபம் என்று தெரிந்து, அப்படியே செய்தேன். ஒரு ஆளைக் கழுத்தை நெரித்து இருட்டுக்குள் தள்ளுவதுபோல இருந்தது. அவனைக் காப்பாற்றுகிறேன் என்று நூறு தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

துரை தகட்டை விளக்குக்கு எதிரே பிடித்து, மெச்சினார். "நல்ல படம். ரொம்ப நல்ல படம்." பிறகு தகட்டைச் சற்றுச் சாய்த்தார். தோட்டத்துத் துரைமார் தமிழ் பேசுவார்கள், நம்மைப் போலவே, ஆனால் மரியாதையை மட்டும் விட்டுவிடுவார்கள்.

"ஆந்தை ஒன்னப் பாக்கல. அது யாரப் பாக்குது?"

அதை நான் கவனிக்கவே இல்லை. ஆந்தையின் முகம் என் பக்கம் இல்லை. கழுத்தைத் திருப்பி, பக்கவாட்டில், கீழே, சுவரோரம் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தச் சுவரோரத்தில் நான் மத்தியானம் சுரண்டிய வெறும் கண்ணாடியைத் தவிர இப்போது ஒன்றுமில்லை.

"எலியா இருக்குமுங்க, தொரை."

"எலியா?" என்றார். தகட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பஞ்சடைத்த பறவைகள் எல்லாம் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து என்னையே பார்ப்பதுபோல இருந்தது. "எலியப் பாத்தா ஆந்தை இப்பிடி இருக்காது. எறங்கிரும். இது பயந்துபோய் இருக்கு." சிரித்தார், தகட்டைத் திருப்பிக் கொடுத்தார், பெரிதாகப் போட்டுச் சட்டம் அடித்துத் தரச் சொன்னார். அறைக்கு வந்து படுத்தபோது, ஆந்தை பார்த்த இடம்தான் கண்ணில் நின்றது.

காலையில் லயத்து ஆட்கள் என்னைத் தேடி வந்துவிட்டார்கள். திருச்சிப் பக்கம் ஊரில் செத்தவனுடைய தாய் இருக்கிறாளாம். பிள்ளை உடலைத்தான் பார்க்கவில்லை, காக்கை சோறு எடுப்பதையாவது படத்தில் பார்த்து ஆறிக்கொள்ளட்டும். நான்தான் பறவை எடுக்கிற படக்காரனாயிற்றே. மறுக்க என்ன காரணம் சொல்வது? பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர்களோடு ஏறினேன்.

தப்பு ஒலிக்க ஒரு ஐம்பது அறுபது பேர் போனோம். கங்காணி தலையில் காயக்கட்டோடு கடைசியில் வந்தார். அவளை நடுவில் விட்டுப் பெண்கள் சூழ்ந்துகொண்டு நடந்தார்கள். முந்தின நாள் மாலையிலிருந்தே அவளைச் சடங்குக்காரிகள் தனியாக விடவில்லை என்று தெரிந்தது. அவள் ஒரு தடவை என் பக்கம் பார்த்தாள். தகட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதைச் சொல்ல அது இடமல்ல. பனி எங்களோடு கூடவே ஏறி வந்தது. முன்னால் போகிறவர்களின் தலை மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை. ஸ்டோரை நெருங்கியபோது தப்பை நிறுத்தச் சொன்னார் பண்டாரம். அவளும் உடனே நின்றாள், வலிய வரவழைத்த மாதிரி இருமினாள். எல்லோரும் காத்திருந்தார்கள். ஏன் காத்திருக்கிறோம் என்று என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

வாசல் கல்லில் நேற்று அவள் வைத்த இலை இருந்தது. இலை நிறையச் சோறும் இருந்தது. வைத்தது வைத்தபடி, நடுவில் குழித்து ஊற்றின குழம்போடு, பனி நனைத்து, ஓரத்தில் எறும்பு ஏறியிருந்தது. நேற்றுக் காலையில் அதை வைத்துவிட்டு, போகச் சொல்லி அவள் வாய்திறந்து சொன்னபோது உள்ளே கேட்க ஆள் இருந்ததா என்றுகூட இப்போது தெரியவில்லை. உத்தரத்தில் ஆந்தையையும் காணோம். தைரியசாலிகள் இரண்டு பேர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று வெளியே வந்தார்கள்.

"நேத்து எடுக்கல பாத்தீங்களா. இன்னைக்குப் படையலுக்குன்னு காத்திருக்கான்" என்றார் பண்டாரம். எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது.

பழைய இலையை ஒதுக்கிவிட்டுப் புது இலை போட்டு, அவனுக்குப் பிடித்ததையெல்லாம் பரிமாறினார்கள். நான் முக்காலியை விரித்துக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். உள்ளே எல்லாம் தலைகீழாகத் தெரிந்தது. மேலே வாசல் கல், அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் இலை, அதற்குப் பக்கத்தில் தலைகீழாக அந்தப் பெண். ஆண்கள் வாயில் கையைக் குவித்துக் கா, கா என்று கூப்பிட்டார்கள். பனிக்குள் போன அந்தச் சத்தம் எங்கேயோ பட்டு, வேறு ஆட்கள் கூப்பிடுவதுபோலத் திரும்பி வந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்து, எல்லோரும் பேசாமல் நின்றபோது, அண்டங்காக்கை ஒன்று வந்தது. எங்கிருந்து வந்தது என்று நான் பார்க்கவில்லை. ஒரே ஒரு காக்கை, கன்னங்கரேலென்று, கல்லில் இறங்கியது. ஒரு தடவை எல்லோரையும் பார்த்தது. பிறகு அவசரமில்லாமல் தின்னத் தொடங்கியது.

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. கங்காணி கையெடுத்துக் கும்பிட்டார். சிலர் சிரித்துக்கூட விட்டார்கள், பல நாள் பாரம் இறங்கின சிரிப்பு.

அவள் காக்கையைப் பார்க்கவில்லை. ஒதுக்கிப் போட்ட நேற்றைய இலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் காலோடு நடந்துபோனானா, விழுந்து கிடக்கிறானா, காட்டில் எது இழுத்துக்கொண்டு போனது, எதுவும் அவளுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது, இன்றுவரை தெரியாது. அந்த இலைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். தாலி இறக்கின அன்றுகூட வராத அழுகை அப்போது வந்தது. அப்படி ஒரு குரலை அவளிடமிருந்து அந்த லயத்தில் யாரும் கேட்டதில்லை. முதலில் வெறும் குரல்தான், பிறகு அதில் வார்த்தை வந்தது.

"சாப்பிடாம போயிட்டீங்களே. சாப்பிடாம போயிட்டீங்களே."

பெண்கள் ஓடி வந்து கட்டிக்கொண்டார்கள்.

"சாப்பிடுறாரும்மா. இந்தா பாரு, சாப்பிடுறாரு. வயிறார சாப்பிடுறாரு, பாரும்மா."

அவள் தலையை ஆட்டி ஆட்டி அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் துணிக்குள்ளிருந்து தலையை எடுக்கவில்லை. ஒருத்தி அவள் முகவாயைப் பிடித்து, வலிக்காமல், காக்கையின் பக்கமாகத் திருப்பிவிட்டாள்.